நிற்காத பெடலில் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ்

ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் கடக்க வேண்டிய, பிரான்சின் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணத்தை 2019-இல் ஃபிக்சட் கியர் சைக்கிளில் ஓட்டினேன். அதில் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும்; காலை நிறுத்த முடியாது. கேட்டவர்கள் அனைவரும் ஏற்றங்களைப் பற்றியே கேட்டார்கள். ஆனால் உடலை வாட்டுவது இறக்கம்தான். சங்கிலி ஓடும் பற்சக்கரங்களில் முன்னே 48 பல், பின்னே 18 பல் என்ற அமைப்பில் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 5.6 மீட்டர் நகரும். ஆகவே, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 89 முறை சுற்றும் கால்கள், சரிவில் வேகம் 45-ஐத் தொட்டதும் 134 முறை சுற்றியாக வேண்டும். மற்றவர்கள் காலை நிறுத்தி இளைப்பாறும் அதே சரிவில், நான் முன் ப்ரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடி, இடுப்பு சீட்டில் துள்ளாமல் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

பிரிட்டனியின் ரோக் ட்ரெவெசெல் ஏற்றமோ நீண்டது, ஆனால் செங்குத்தானதன்று. சுழலும் பெடலே காலை மேலே தூக்கிவிடுவதால் சீரான தாளத்தில் ஏற முடிந்தது. பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீல் பரவலாவதற்கு முன்பே, 1891-இல் நடந்த முதல் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் போட்டியில் ஷார்ல் தெரோன் வென்றார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. போகும் வழியெங்கும் எதிர்க்காற்று, இரவில் கடுங்குளிர். ஊர் மக்கள் வாசலில் மேசை போட்டுக் காப்பி ஊற்றித் தந்தார்கள்.