கையெழுத்து கேட்காத பணம்

2019 அக்டோபரில் பேராவூரணியிலிருந்து அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு வந்து சேர்ந்தேன். கணவருக்கு இங்கே வேலை. எனக்கு அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. தனி அனுமதி இல்லாமல் அதில் சம்பளத்துக்கு எங்கும் போக முடியாது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லேக் ஸ்ட்ரீட். சோமாலியர்களின் துணிக்கடை, மெக்சிகோக்காரர்களின் ரொட்டிக்கடை என்று நீண்டுகொண்டே போகும் தெரு அது. முதல் குளிர்காலத்தில் தனிமை தாங்காமல் கிளம்பினால் அங்கேதான் போவேன். வங்கதேசத்துக்காரர் ஒருவரின் ‘காந்தி மஹால்’ உணவகமும் அந்தப் பக்கம்தான். உள்ளே நுழைந்ததும் வரும் தாளிப்பு வாசனைக்காகவே போன நாட்கள் உண்டு.

2020 மே 25 அன்று, 38-ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில், ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்றார் ஒரு போலீஸ்காரர். ஊரே போராட்டத்தில் இறங்கியது. மூன்றாம் நாள் இரவு லேக் ஸ்ட்ரீட் பக்கமிருந்த போலீஸ் நிலையம் எரிந்தது. விடிவதற்குள் காந்தி மஹாலுக்கும் தீ பரவிவிட்டது. கட்டடம் போனால் போகட்டும், நீதி கிடைக்க வேண்டும் என்றார் அதன் உரிமையாளர் ருஹேல் இஸ்லாம். கடை எரிந்த மனிதர் அப்படிச் சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை.

மளிகைக் கடைகளும் மருந்துக் கடைகளும் மூடிக்கிடந்தன. பஸ்ஸும் ஓடவில்லை. கார் இல்லாத வீடுகளில் குழந்தைக்குப் பால் இல்லை. எங்கள் பக்கத்து சான்ஃபோர்டு நடுநிலைப்பள்ளியில், மாணவர்களின் குடும்பங்களுக்காக 85 பை மளிகை கொடுங்கள் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வரிசை தெருத்தெருவாக நீண்டது. வந்து சேர்ந்தவை பல்லாயிரம் பைகள். லாரி பிடித்து மற்ற இடங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நானும் டயப்பர் பிரித்து அடுக்கினேன்.

அடுக்கும்போது எனக்கு கஜா ஞாபகம்தான். 2018 நவம்பரில் அந்தப் புயல் எங்கள் தென்னைகளை முறித்துப் போட்ட பிறகு, எங்கெங்கிருந்தோ நிவாரண லாரிகள் வந்தன. மெயின் ரோட்டில் நிறுத்தி, கை நீட்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ரோட்டோரக் குடும்பத்துக்கு மூன்று பாய் கிடைக்கும். இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் காலனிக்கு ஒன்றும் போய்ச் சேராது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத்தானே தெரியும்.

அதே சிக்கலைத்தான் இங்கே பணத்தில் பார்த்தேன். மினசோட்டா ஃப்ரீடம் ஃபண்ட் என்பது ஜாமீன் கட்ட முடியாமல் சிறையில் கிடப்பவர்களுக்குப் பணம் கட்ட 2016-இல் தொடங்கிய சின்ன அமைப்பு. சில வாரங்களில் அதற்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்து குவிந்தது. எங்களுக்குப் போதும், கறுப்பின மக்களே நடத்தும் மற்ற உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அப்படிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும். ஆனாலும் ஜூனில், போராட்டம் தொடங்கியதிலிருந்து ஜாமீனுக்குச் செலவானது 2 லட்சம் டாலருக்கு மேல்தான் என்று தெரிந்ததும் நாடு முழுக்கக் கோபப்பட்டார்கள். கைதானவர்களில் பலர் ஜாமீன் தொகை இல்லாமலே வெளியே வந்துவிட்டதும், வழக்கு முடிந்தால் ஜாமீன் பணம் பொதுவாகத் திரும்பி வந்து அடுத்தவருக்கு உதவும் என்பதும் கோபத்தில் யார் காதிலும் ஏறவில்லை. நிதானமாகச் செலவழித்தது சரிதான் என்று நினைக்கிறேன். கணக்கை மட்டும் முன்கூட்டியே விரித்துச் சொல்லியிருக்கலாம்.

நான் போய்ச் சேர்ந்தது இதைவிட மிகச் சிறிய குழு, ஒரு சர்ச் வளாகத்தில் கூடுவார்கள். வரிவிலக்குப் பதிவு இல்லை. அதனால் பெரிய நன்கொடைகளை, பதிவு பெற்ற வேறொரு அமைப்பின் கணக்கு வழியாக வாங்குவோம். அவர்களுக்கு ஒரு சிறு பங்கு கழியும். சின்னத் தொகைகள் வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியில் நேராக வரும். வருகிற பணத்தை யாருக்கு, எவ்வளவு என்று அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களே வட்டமாக உட்கார்ந்து முடிவு செய்வார்கள். படிவத்தில் மூன்றே கேள்விகள். உங்களை எப்படிக் கூப்பிடுவது, என்ன தேவை, பணத்தை எப்படி அனுப்புவது?

இரண்டாவது கூட்டத்திலேயே சண்டை. வாடகைக்குப் பணம் கேட்பவர்களிடம் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குவோம் என்றார் ஒரு இளைஞர். எழுபது வயதிருக்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி மெதுவாகத்தான் பேசினார். “ஆயுசு முழுக்க ஒவ்வொரு கவுன்டரிலும் நின்று, நான் இல்லாதவள்தான் என்று நிரூபித்திருக்கிறேன். இங்கேயும் நிரூபிக்க வேண்டுமா?” அப்புறம் ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கம் மொய் விருந்து நடக்கும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் ஏறும். திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது. அப்பா பல விருந்துகளில் மொய் எழுதியவர்.

“கையெழுத்துகூட வாங்காமலா கொடுக்கிறீங்க? நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்னம்மா சொல்லுவீங்க?”

அந்தப் பெண்மணி சொன்னது நியாயம். அப்பா கேட்டதும் நியாயம். இரண்டையும் மனதில் போட்டுப் புரட்டியபோது, எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா முடிந்ததும் சுவரில் ஒட்டும் வரவு செலவு நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. அடுத்த கூட்டத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வாங்கியவர் பெயரை எழுத வேண்டாம். எதற்கு எவ்வளவு போனது என்பதை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டலாமா? அந்தப் பெண்மணிதான் முதலில் தலையசைத்தார். எழுதும் வேலையும் எனக்கே வந்தது. இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு வேலையை என்னை நம்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் கண்ணீர்.

வெள்ளிக்கிழமைதோறும் பெரிய சார்ட் பேப்பரில் எழுதி சர்ச் கதவில் ஒட்டுவேன். போகிறவர்கள் நின்று படிப்பார்கள். ஒருமுறை கூட்டலில் இருந்த பிழையை ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கண்டுபிடித்துத் திருத்தினான். சனிக்கிழமை அப்பா கூப்பிட்டால் முதல் கேள்வி அதுதான்.

“கணக்கை வாசி.”

“வாடகை நாலு வீடு. இன்சுலின். பால் பவுடர். கடைக் கண்ணாடி மாற்ற ஒருத்தருக்கு. சாவு வீட்டுச் செலவு ஒன்று.”

“கையிருப்பு?”

“பதினோரு டாலர்ப்பா.”

“சரி, அடுத்த வாரத்துக்கு எழுதி வச்சுக்க” என்றார்.