ஊசி முறிந்தால் யாரிடம் சொல்வது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தொழிற்சாலைகளையும் தொண்டு நிறுவனங்களையும் பொறுப்பெடுத்து வரும் வெளிநாட்டு மனேஜர்களின் காதில் முதல் கிழமையே விழும் வசனம் ஒன்று உண்டு: "இங்குள்ள ஆக்கள் பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார்கள், அது அவர்களின் கலாசாரம்." கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவதைக் கண்டதும், சொன்னது சரிதான் என்று அவரும் முடிவெடுத்துவிடுகிறார். அது பிழையான முடிவு. பிறகு நடக்கும் பல நட்டங்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இதே ஆக்கள் கோயில் பொதுச்சபையில் பேசுவதைப் பார்த்தால் போதும். கோயில் நிர்வாகியான வண்ணக்கர் கணக்கு வாசித்து முடிக்குமுன், "போன வருசச் சடங்குக்குச் சேர்த்த காசில மிச்சம் எங்க?" என்று பின்வரிசையிலிருந்து குரல் எழும். பள்ளிவாசலில் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரிடமும் கேள்வி கேட்கப்படுகிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் யாருக்கு முதலில் என்ற பேச்சு இருட்டும்வரை இழுபடும். கோயிலில் ஒருவருக்குள்ள உரிமை குடிவழியாக வந்தது. கேள்வி கேட்டார் என்பதற்காக யாரும் அதைப் பறிக்க முடியாது. தொழிற்சாலையிலோ கேள்வி கேட்டால் வேலை போகும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகும். வாய் மூடியிருப்பது பெரும்பாலும் மரபல்ல, கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. அந்தக் கணக்கை மாற்றும் பொறுப்பு தலைமையிடம் இருக்கிறது.

ஆடைத் தொழிற்சாலையில் ஊசி முறிவதை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் மிகக் கண்டிப்பாகப் பார்க்கும் விசயம் இது. பிள்ளைகளின் உடுப்பென்றால் இன்னும் கண்டிப்பு. முறை இதுதான். ஊசி முறிந்ததும் ஒப்பரேட்டர் மெசினை நிறுத்த வேண்டும், மேசையில் இருப்பதை அசைக்காமல் கையை உயர்த்த வேண்டும். சுப்பவைசர் வந்து காந்தத்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, முழு ஊசியும் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். துண்டுகளைப் பதிவேட்டில் டேப்பால் ஒட்டி, நேரம், லைன், மெசின் இலக்கம், ஸ்டைல் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பழையதைக் காட்டினால்தான் பூட்டிய பெட்டியிலிருந்து புது ஊசி வெளியே வரும். ஒரு துண்டு குறைந்தாலும், கையிலிருந்த உடுப்பு, அந்தக் கட்டு, மெசினைச் சுற்றிக் கிடந்த துணி எல்லாம் தனிப்பெட்டிக்குப் போய், உலோகம் கண்டுபிடிக்கும் மெசினுக்குள் போக வேண்டும். அந்த மெசினையும் 1.0 அல்லது 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த அட்டையால் ஒன்பது இடங்களில் வைத்துச் சோதிப்பது வழக்கம்: மேல், நடு, கீழ்; ஒவ்வொன்றிலும் இடது, மையம், வலது.

இவ்வளவும் செய்ய நேரம் பிடிக்கும். அதற்குள் அந்த மெசினுக்கு முன்னால் வேலை குவிந்துவிடும், அடுத்த ஆள் கையைக் கட்டிக்கொண்டிருப்பார். சுப்பவைசருக்கோ மணிக்கணக்கு டார்கெட். அவர் வந்ததும், "என்ன பிள்ள, இந்த நேரம் பாத்தா முறிக்கிற?" என்று ஒரு வார்த்தை சொன்னால், அதோடு அந்த லைனில் பதிவேட்டுக்கு மரியாதை இல்லை. அடுத்த முறை முறியும்போது, டேப்பால் மெசினுக்கு அடியில் ஒட்டி மறைத்த ஊசி ஒன்று வெளியே வரும். கையை உயர்த்தத் தேவையில்லை. வேலை நிற்காது. முறிந்த நுனி ஏதோ ஒரு பிள்ளையின் சட்டை மடிப்பில் கப்பலேறும்.

ஆகவே ஒரு மாதம் முழுக்க எந்த லைனிலும் ஊசி முறியவில்லை என்று பதிவேடு காட்டினால், மனேஜர் மகிழக்கூடாது, பயப்பட வேண்டும். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவும் இதைத்தான் சொல்கிறது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவிலோ அங்குதான் கூடுதலாக இருந்தது. அங்கே தாதியர் தவறை மறைக்காமல் சொன்னார்கள்.

சொல்லவைப்பது எப்படி? முதலில் கேள்வியின் வரிசையை மாற்ற வேண்டும். "யாருக்கும் காயமா? எந்த இடத்தில் முறிந்தது? இப்ப என்ன வேணும்?" என்ற மூன்றும் முன்னால் வரட்டும். "ஆர் செய்தது?" என்ற கேள்வி அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம், மெசின் இலக்கம் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்தது, ஊசி தேடிய நிமிடங்களை அந்த மணியின் டார்கெட்டிலிருந்து எழுத்தில் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் சுவரில் ஒட்டும் "பாதுகாப்பே முதன்மை" அறிவித்தல் வீண் கடதாசி. சுப்பவைசர் கெட்டவரல்ல, அவருக்கு மேலே இருப்பவர் எண்ணிக்கையை மட்டும் கேட்டால், அவர் கீழே அதைத்தான் கேட்பார்.

கலாசாரம் மாறாது என்பவர்கள் கலிபோர்னியாவின் பிரிமொண்ட் நகரைப் பார்க்கலாம். ஜெனரல் மோட்டர்ஸ் அங்கே நடத்திய கார்த் தொழிற்சாலை, வேலைக்கு வராமை, சண்டை, மோசமான தரம் என்று பெயர் கெட்டு 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக அதே இடத்தில் நும்மி என்ற பெயரில் மீண்டும் திறந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பழைய ஆக்களே, தொழிற்சங்கமும் பழையதே. பழுது கண்ட எவரும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் லைனையே நிறுத்தலாம் என்று வைத்தார்கள். இழுத்தால் தலைவர் ஓடிவந்து உதவி செய்தார், ஏசவில்லை. தரம் கொஞ்சக் காலத்திலேயே ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குக் கிட்ட வந்தது.

கலாசாரமே இல்லை என்று சொல்லவரவில்லை. ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வுகளை வைத்து கீர்ட் ஹொஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர் அதிகார இடைவெளியை, அதாவது மேலே இருப்பவருக்கும் தமக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை ஆட்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்பதை, அளந்தபோது டென்மார்க்குக்கு 18, நமக்குப் பக்கத்திலுள்ள இந்தியாவுக்கு 77 புள்ளி வந்தது. டென்மார்க்கிலிருந்து வரும் மனேஜர் கதவைத் திறந்து வைத்து, "எப்பவும் வாங்க" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் காத்திருப்பார். இங்கே எவரும் அந்தக் கதவுக்குள் நுழையமாட்டார்கள். அவர்தான் எழுந்து லைனுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு நாளும், அதே நேரத்தில்.

இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது உறவுமுறை. சுப்பவைசர் ஒப்பரேட்டரின் மாமியின் மகளாக இருக்கலாம். முறைப்பாடு செய்தால் அது பின்னேரமே ஊருக்குப் போய்விடும். மனிதவளப் பிரிவின் வாசலில் தொங்கும் முறைப்பாட்டுப் பெட்டி வெறுமையாகக் கிடப்பது அதனால்தான். போடுபவரை எல்லோரும் பார்க்கிறார்களே. பெட்டியைப் பெண்கள் கழிவறைப் பக்கம் வையுங்கள். திறப்பு அந்த லைனோடு சம்பந்தமில்லாத இருவரிடம் இருக்கட்டும். ஏழு நாளுக்குள் பதிலை, பெயர் இல்லாமல், தமிழில் பலகையில் ஒட்டுங்கள். முடியாது என்பதும் பதில்தான். பதிலே வராத பெட்டிக்குள் இரண்டாம் கடிதம் விழாது.

தொண்டு நிறுவனங்களின் அலுவலகக் கூட்டத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. டிசம்பர் இரண்டாம் கிழமை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பொருள் கொடுப்பதென்று கொழும்பில் திகதி குறிக்கிறார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும், பிறகு தோணிதான் என்று கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு களப்பணியாளருக்கும் தெரியும். "சரிதானே?" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதற்குப் பதில், "இந்தத் திட்டம் பிழைத்தால் எதால் பிழைக்கும்?" என்று கேட்டு, பேச்சுக்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் தமிழிலோ சிங்களத்திலோ பெயரில்லாமல் கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். வீதியின் பெயர் அப்போதே வந்துவிடும். பேச்சு தொடங்கினால் சாரதியும் களப்பணியாளரும் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில். மொழிபெயர்க்கும் வேலையைச் சுப்பவைசரிடமோ திட்ட அலுவலரிடமோ கொடுக்காதீர்கள். தன்மேல் விழும் குறையை எவரும் முழுதாக மொழிபெயர்க்கமாட்டார்.

நம்பிக்கையைப் பற்றி 1995இல் மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை, தலைவரிடம் மற்றவர்கள் பார்ப்பது திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று பிரித்துச் சொன்னது. இங்கே முதலில் சோதிக்கப்படுவது நேர்மைதான் என்பது என் எண்ணம். சோதனை நடப்பதும் சின்ன விசயங்களில். ஓவர்டைம் முடிந்து ஆறரைக்குப் பஸ் என்று சொன்னால் ஆறரைக்கு வெளிக்கிட வேண்டும். வாகரைப் பக்கம் போகும் பிள்ளை பிந்தினால், வீட்டில் பதில் சொல்ல வேண்டியது அவள்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விட்ட நேரத்தை வேறு நாளில் பிடுங்கக்கூடாது. நோன்பு காலத்தில் இரண்டாம் ஷிப்டின் இடைவேளை நோன்பு திறக்கும் நேரத்தோடு பொருந்த வேண்டும். கோயில் சடங்குக் கிழமையில் ஊர் முழுக்க லீவு கேட்கும் என்று முன்கூட்டியே ஆட்களைப் போட வேண்டும். பஸ் விசயத்தில் பொய்த்த ஆளிடம் ஊசி முறிந்ததை யாரும் சொல்லமாட்டார்கள்.

பலர் விடும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு மனேஜர் இரண்டு மூன்று வருடத்தில் மாறிப்போவார், அவர் வாயால் கொடுத்த வாக்குகளும் அவரோடு போய்விடும். டார்கெட்டில் நிமிடம் கழிப்பது, பஸ் நேரம், முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லும் நாட்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, போகிறவரும் வருகிறவரும் லைன் ஆட்களின் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். புதியவர் முதல் மூன்று மாதம் அதில் எதையும் மாற்றக்கூடாது. தொண்டு நிறுவனங்களில் இன்னொன்றும் சேரும்: நிதி முடியும் திகதி தலைமையகத்துக்குத் தெரிந்த அன்றே களத்துக்கும் தெரியவேண்டும். மறைத்தால் அது எப்படியும் ஊருக்குள் கசியும். நல்ல ஆக்கள் முதலில் வேறு வேலை தேடிப் போவார்கள், கடைசி ஆறு மாத வேலையை முடிக்க ஆளிருக்காது.