போஸ்டர் நிறைய இலை

முகநூலைத் திறந்தால் எங்கட பெடியன்களின் ஆவணப்பட போஸ்டர்கள்தான், ஒவ்வொன்றிலும் இலை வளைந்த விருதுச் சின்னங்கள் வரிசையாக. அதில் நிறைய, இணையத்தில் மாதாமாதம் நடக்கிற 'சர்வதேச' விழாக்கள் கொடுத்தவை: திரையும் இல்லை, சனமும் இல்லை, கட்டணம் கட்டினால் ஏதோ ஒரு பிரிவில் விருது வந்துவிடும், கோப்பை கையில் வேண்டுமென்றால் அதற்கு வேறு காசு. கட்டணம் 40 டொலர் என்றால் எங்கட இலங்கைக் காசில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், அந்தக் காசுக்கு ஒரு நாள் கமரா வாடகைக்கு எடுக்கலாம் ஐயா!

சரி, உண்மையான அங்கீகாரம் வந்தால் மட்டும் என்ன நடந்தது? எங்கட இயக்குநர் யூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்', உள்நாட்டுப் போரையும் தமிழ் இயக்கங்களையும் விமர்சிக்கிற ஆவணப்படம், 2017இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது, அடுத்த ஆண்டு யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவிலோ எதிர்ப்பு வந்ததால் நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தோடு எனக்கும் முரண்பாடுகள் உண்டு. ஆனாலும் போட்டிருக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திட்டியிருக்கலாம், அப்புறம் வெளியில் நின்று விடிய விடியச் சண்டை பிடித்திருக்கலாம்.

இப்போது படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று: அனுப்புவதற்கு முன் அந்த விழா எந்த அரங்கில் நடக்கிறது, போன வருடம் என்ன படம் போட்டது என்று தேடிப் பாருங்கள். கட்டண விலக்குக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், நல்ல விழாக்கள் பல கொடுக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழாவோடு சேர்ந்த பெர்த்தா நிதி எங்களைப் போன்ற நாடுகளின் ஆவணப்படங்களுக்கென்றே இருக்கிறது, போட்டி கடுமைதான், விண்ணப்பம் எழுதவே ஒரு மாதம் போகும்.