நியூ ஜெர்சியில் போட்டி நடத்த மாட்டோம் என்றார்கள்

2025 மார்ச் கடைசியில் நியூ ஜெர்சியின் நியூவார்க் ப்ரூடென்ஷியல் சென்டரில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தேசியத் தொடரின் கிழக்கு மண்டலச் சுற்று நடந்தது. அலபாமா அணி ஒரே ஆட்டத்தில் 25 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு சாதனை படைத்ததும், அப்புறம் அதே அலபாமாவைத் தோற்கடித்து டியூக் ஃபைனல் ஃபோருக்கு (கடைசி நாலு அணிகள் மோதும் கட்டம்) போனதும் அங்கேதான். ஆனால் அந்த வாரம் நியூ ஜெர்சியில் உட்கார்ந்து பெட்டிங் செயலியைத் திறந்தவர்களுக்கு நியூவார்க் ஆட்டங்களில் பந்தயம் கட்ட வழியில்லை. மற்ற மண்டலங்களின் ஆட்டங்களுக்குத் தாராளமாகக் கட்டலாம். எங்கள் மாநிலச் சட்டப்படி இங்கே நடக்கும் கல்லூரி ஆட்டத்துக்கும், இந்த மாநிலத்துக் கல்லூரி அணி எங்கே போய் ஆடினாலும் அதற்கும் பந்தயம் கிடையாது. ஹட்சன் ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனில் நின்றால் அதே டியூக் ஆட்டத்துக்குக் கட்டலாம். 2021 நவம்பரில் இந்தத் தடையை எடுத்துவிடலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் ஜெர்சி சிட்டியின் சின்னக் கல்லூரி செயின்ட் பீட்டர்ஸ், கென்டக்கியையே வீழ்த்தி கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தபோதும் சொந்த மாநிலத்தில் அந்தப் பையன்கள் மீது சட்டப்படி யாரும் பணம் கட்ட முடியவில்லை. நான் அதை நல்ல சட்டம் என்றுதான் நினைக்கிறேன்.

இதே நியூ ஜெர்சியை 2012ல் என்சிஏஏ எப்படி நடத்தியது என்று பாருங்கள். (கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம்தான் என்சிஏஏ.) விளையாட்டுப் பந்தயத்துக்கு அனுமதி வேண்டும் என்று 2011ல் மக்கள் வாக்களித்தார்கள், 2012 ஜனவரியில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்துப் போட்டார். விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கும் மாநிலத்தில் போட்டி நடத்த மாட்டோம் என்பது என்சிஏஏவின் கொள்கை. அக்டோபரில், அடுத்த ஆண்டு இங்கே நடக்க வேண்டிய போட்டிகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டது. என்னென்ன போட்டிகள் தெரியுமா? ட்ரென்டனில் பெண்கள் கூடைப்பந்து மண்டலச் சுற்று, ஹோபோக்கனில் மூன்றாம் பிரிவு ஆண்கள் வாலிபால், மான்ட்க்ளேரில் பெண்கள் லக்ராஸ், பிஸ்காட்டவேயில் டைவிங். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கு என்று உதவித்தொகைகூடக் கிடையாது. அங்கே வாலிபால் ஆடுகிற மாணவன் மீது எந்தச் சூதாட்டக்காரன் கண் வைக்கப்போகிறான்? ட்ரென்டனுக்கு வரவேண்டிய ஆட்டங்கள் கனெக்டிகட்டில் பிரிட்ஜ்போர்ட்டுக்குப் போயின. ட்ரென்டன் ஒன்றும் பணக்கார ஊர் இல்லை. நாலு நாள் ஓட்டல் அறை நிறைவதும், அரங்கத்தைச் சுற்றியிருக்கும் கடைகளில் வியாபாரம் ஆவதும் அந்த மாதிரி ஊருக்குப் பெரிய விஷயம்.

இந்தக் கொள்கைக்குப் பின்னால் 1992ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இருந்தது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் எங்கள் ஊர் செனட்டர், முன்னாள் கூடைப்பந்து வீரர் பில் பிராட்லி. நெவாடா, டெலவேர், ஆரெகன், மான்டானா என நாலு மாநிலங்கள் ஏற்கெனவே வைத்திருந்ததை மட்டும் தொடரலாம், மற்றவர்களுக்கு விளையாட்டுப் பந்தயம் கூடாது என்றது சட்டம். காசினோ இருந்ததால் நியூ ஜெர்சிக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள், அதை இவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள். ஆரெகன் மாநில லாட்டரியில் தொழில்முறைக் கால்பந்துக்கு ஒரு பந்தயச் சீட்டு இருந்தது, அதன் வருமானம் அந்த மாநிலக் கல்லூரி விளையாட்டுகளுக்கே போய்க்கொண்டிருந்தது. அது இருக்கும்வரை மார்ச்சில் நடக்கும் தேசியக் கூடைப்பந்துத் தொடர் அந்த மாநிலத்துப் பக்கம் வராது என்ற நிலை, அதனால் 2007ல் அதை மூடினார்கள். 2009ல் போர்ட்லாந்துக்கு முதல் சுற்று ஆட்டங்கள் கிடைத்தன. மாணவர்களுக்கு வந்துகொண்டிருந்த காசை விட்டுக்கொடுத்துத்தான் போட்டியை வாங்க வேண்டியிருந்தது.

டெலவேர் கதை இன்னும் சுவாரசியமானது. 2009ல் ஆளுநர் ஜாக் மார்க்கெல் பந்தயத்தைக் கொண்டுவர, தனி ஆட்டத்துக்குப் பந்தயம் என்றால் சாம்பியன்ஷிப் எதையும் உங்களுக்குத் தர மாட்டோம் என்று என்சிஏஏ எச்சரித்தது. டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு நல்ல கால்பந்து அணி உண்டு (அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன்). அவர்கள் அப்போது ஆடிய பிரிவில் பிளேஆஃப் (சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் ஆட்டங்கள்) ஆரம்பச் சுற்றுகள் நடுநிலை மைதானத்தில் நடப்பதில்லை, ஏதாவது ஒரு அணியின் சொந்த மைதானத்தில்தான் நடக்கும். டிசம்பர் குளிரில் சொந்த ஜனங்களுக்கு முன்னால் ஆடுவதற்கும், விமானம் ஏறி இன்னொருத்தர் ஊருக்குப் போய் ஆடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. நல்லவேளையாக அந்த ஆகஸ்டிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம், பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பார்லே மட்டும்தான், அதுவும் தொழில்முறைக் கால்பந்துக்கு மட்டும்தான் என்று வெட்டிவிட்டது. 2010 டிசம்பரில் டெலவேர் தன் மைதானத்திலேயே மூன்று பிளேஆஃப் ஆட்டங்களை வென்று டெக்சாஸில் இறுதிப் போட்டி வரை போனது, அங்கே 19-0 என்று முன்னிலையில் இருந்து 20-19ல் தோற்றது. நீதிமன்றம் வேறு மாதிரித் தீர்ப்பு சொல்லியிருந்தால் அந்த மூன்று ஆட்டங்களும் நியூவார்க்கில் (டெலவேரிலும் ஒரு நியூவார்க் உண்டு) நடந்திருக்குமா?

இவ்வளவு கெடுபிடி செய்த அதே காலத்தில் நெவாடாவின் லாஸ் வேகாஸில் என்ன நடந்துகொண்டிருந்தது? வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (கான்ஃபரன்ஸ் என்றால் சில கல்லூரிகள் சேர்ந்த லீக்) தன் கூடைப்பந்துத் தொடரை 2009லிருந்து ஆர்லியன்ஸ் என்ற காசினோ ஓட்டலோடு சேர்ந்த அரங்கத்தில் நடத்தியது. 2013ல் பேக்-12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் எம்ஜிஎம் கிராண்ட் காசினோவுக்கே வந்தது. அவை கான்ஃபரன்ஸ் போட்டிகள், என்சிஏஏ போட்டிகள் இல்லை என்பதால் விதியில் இடம் இருந்தது. அங்கே ஜெயித்த அணி அடுத்த வாரம் நேராக என்சிஏஏ தொடருக்குள் போகும். காசினோவுக்குள் ஆடியதால் கெடாத ஆட்டம் ட்ரென்டனில் ஆடினால் கெட்டுவிடும் என்பதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. இன்னொன்று, பந்தயம் கட்டுகிறவன் ஆட்டம் நடக்கும் ஊரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இண்டியானாபோலிஸில் ஃபைனல் ஃபோர் நடந்தாலும் வேகாஸ் கவுன்டரில் காசு கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் 1992 சட்டத்தை ரத்து செய்தது. மூன்றே நாளில், மே 17, போட்டி நடத்தும் தடையை என்சிஏஏ நிறுத்தி வைத்தது. மாணவர்களைப் பாதுகாக்கத்தான் தடை என்று அத்தனை வருடம் சொன்னார்கள், மாணவர்களுக்கு ஆபத்து கூடப்போகிற நேரத்தில் அதைக் கைவிட்டார்கள். 2023ல் வேகாஸுக்கு மேற்கு மண்டலச் சுற்று போனது. 2028 ஃபைனல் ஃபோரும் அங்கேதான்.

வேகாஸில் நடத்துவது எனக்குப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு மாணவன் பேரிலும் தனித்தனியாகக் கட்டும் பந்தயம்தான் பிரச்சினை. இவன் எத்தனை புள்ளி எடுப்பான், எத்தனை ரீபவுண்ட் பிடிப்பான் என்று காசு வைப்பது. அணி தோற்றால் கோபம் அணி மேல் போகும், இதில் பத்தொன்பது வயசுப் பையனின் இன்ஸ்டாகிராமுக்கு நேராகப் போகிறது. அவனை வளைப்பதும் சுலபம், ஆட்டத்தைத் தோற்கச் சொல்ல வேண்டியதில்லை, முதல் பாதியில் கால்வலி என்று உட்காரச் சொன்னால் போதும். என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் இந்த வகைப் பந்தயத்தைத் தடை செய்யுங்கள் என்று 2024ல் எல்லா மாநிலங்களையும் கேட்டுக்கொண்டார். ஓஹையோ, மேரிலாந்து, வெர்மான்ட், லூசியானா செய்தன. பல மாநிலங்கள் செய்யவில்லை.

கேட்பதோடு ஏன் நிற்க வேண்டும்? போட்டியை எங்கே வைப்பது என்ற அதிகாரம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கூட்டமைப்புக் கொடி (உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் கொடி) பறந்ததற்காகத் தென் கரோலினாவுக்கும், திருநர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்திய சட்டத்துக்காக 2016ல் வட கரோலினாவுக்கும் போட்டிகளைத் தர மறுத்தவர்கள்தானே. மாணவர் பேரில் தனிப் பந்தயத்தை அனுமதிக்கும் மாநிலத்துக்கு ஃபைனல் ஃபோர் கிடையாது என்று சொல்லட்டும். பெரிய அரங்கத்தில் நடக்கும் பணக்காரப் போட்டிகளுக்கு மட்டும் அந்த நிபந்தனையைப் போடட்டும், ஏனென்றால் ஒரு மாநில அரசு அசைவது அதற்காகத்தான். ஹோபோக்கன் வாலிபாலையும் மான்ட்க்ளேர் லக்ராஸையும் தொட வேண்டாம், சொந்த மைதானத்தில் பிளேஆஃப் ஆடும் உரிமையை ஜெயித்துச் சம்பாதித்த அணியிடமிருந்தும் பறிக்க வேண்டாம்.