ஒத்திகைப் பதிவு: ரெக்கார்டர் நிற்கும் இடம், ஆம்ப் பார்க்கும் திசை

டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு கிட்டார், ஒரு பாடகர். இவ்வளவையும் சிறிய அறையில் ஒரே கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டரில் பிடித்துப் பார்த்ததன் குறிப்புகள் இவை.

மூலையில் கிடந்த மேசைமேல் ரெக்கார்டரை வைத்தபோது கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பேஸும் ஒரே உறுமலாகப் பதிவாயின. தாழ்ந்த ஒலிகள் சுவரோரத்தில் தேங்கும், மூலையில் இன்னும் அதிகம். போதாததற்கு மேசைப் பலகையும் அதிரும். ஸ்டாண்டில் மாட்டி, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, சுமார் 1.8 மீட்டர் உயரத்தில் நிறுத்தியதும் பேஸின் சுரங்கள் தனித்தனியாகக் கேட்டன. ஆனால் அறையின் சரிநடுவும் ஆகாது. சில தாழ்ந்த சுரங்கள் அங்கே ஏறக்குறையக் காணாமல் போகும். இன்னும் உயர்த்தினால் சிம்பல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

பதிவின் அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயினை முதலில் அணைக்க வேண்டும். ஸ்னேர் டிரம்மில் அடி விழும்போதெல்லாம் அது மொத்த ஒலியையும் அமுக்கி, பிறகு மெல்ல ஏற்றும். ஆக உரத்த பாட்டை வாசிக்கச் சொல்லி, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் (0 தான் எல்லை) நிற்கும்படி கெயினை வைத்தால் போதும். சூடு பிடித்ததும் எல்லோரும் இன்னும் பலமாகத்தான் வாசிப்பார்கள். அதற்கு இந்த இடைவெளி வேண்டும். 24 பிட்டில் பதிந்தால் சற்றுக் குறைவாகப் பதிவதால் இரைச்சல் ஏறாது. மீட்டர் சிவப்பைத் தொடாமலே ஒலி உடைந்தால், மைக்கே தாங்கவில்லை என்று பொருள். அதற்குத் தள்ளி வைப்பதுதான் மருந்து.

பெரிய சிக்கல் குரல்தான். கிட்டாருக்குள் வார்த்தைகள் மூழ்கின. பாடகரின் ஸ்பீக்கரைக் கூட்டினால் அதன் ஒலி மைக்குக்குள் மீண்டும் புகுந்து ஃபீட்பேக்காகக் கூவுகிறது. பலன் தந்தது வேறொன்று: தரையில் இருந்த கிட்டார் ஆம்ப்களை (ஒலிபெருக்கிப் பெட்டிகளை) நாற்காலிமேல் ஏற்றி, வாசிப்பவரின் காதைப் பார்த்துச் சாய்த்தது. தரையில் இருக்கும்போது ஆம்ப் முழங்காலை நோக்கித்தான் முழங்கும். தன் வாசிப்பு தனக்குக் கேட்காததால்தான் கிட்டார்காரர் வால்யூமைத் திருகுகிறார். காதுக்கு நேராக வந்தால் தானாகவே குறைத்துக்கொள்வார். எந்த மென்பொருளும் பிறகு இவ்வளவு தெளிவைத் தராது என்பதில் சந்தேகமே இல்லை.

மிக்ஸரிலிருந்து குரலைத் தனி டிராக்கில் எடுத்துச் சேர்க்கலாம். அப்போது நேரத்தைச் சரிசெய்யாவிட்டால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ஸ்பீக்கரிலிருந்து ரெக்கார்டர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் காற்றுவழி ஒலி சுமார் 9 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். பாடகரின் மைக் அருகே ஒரு கைதட்டலைப் பதிந்து, இரண்டு அலைகளின் முனைகளும் பொருந்தும்வரை குரல் டிராக்கைத் தாமதமாகத் தொடங்கும்படி நகர்த்த வேண்டும். பிறகு வார்த்தை புரியும் அளவுக்கு மட்டும் ஏற்றினால் போதும்.

தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ‘லோ கட்’ வசதியை 80 ஹெர்ட்ஸில் போட்டுப் பதிய வேண்டாம். பேஸின் ‘ஈ’ (E) கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பதியும்போது வெட்டியதைப் பிறகு முழுதாக மீட்க முடியாது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். அடுத்து பார்க்க வேண்டியது, கிக் டிரம்முக்கு மட்டும் தனி மைக்.