பீட் பிரவுனிங் மட்டை: நான்காவது கட்டையில் கைப்பிடி படிந்தது

பழைய அமெரிக்க பேஸ்பால் வீரர் பீட் பிரவுனிங்கின் மட்டையைப் போல ஒன்றை லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) கடைந்துகொண்டிருக்கிறேன். மூன்று கட்டை வீணான பிறகு, நேற்று ராத்திரி கைப்பிடி ஒரு வரிகூட விழாமல் வந்தது. இன்னும் கை குறுகுறுக்கிறது.

1880-களில் லூயிவில் அணியின் அவுட்ஃபீல்டராக (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் வீரர்) ஆடிய பிரவுனிங்கின் மட்டை 37 அங்குலம், 48 அவுன்ஸ் என்பார்கள். அதாவது கிட்டத்தட்ட 1.36 கிலோ. முதல் கட்டையில் இன்றைய பேஸ்பால் மட்டை மாதிரி ஓர் அங்குலக் கைப்பிடி வைத்தேன். தராசில் ஒரு கிலோதான் காட்டியது. அவர் காலத்து விதிப்படி தடித்த இடமே இரண்டரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் மிச்ச எடை கைப்பிடியில்தான் இருந்திருக்க வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்கு ஏற்றினேன்.

அப்போதும் உளி பட்டதும் மரம் அதிர்ந்து, திருகுபோல வரி வரியாகக் கிழித்தது. உப்புத்தாளுக்கு அடங்கும் வரியா அது! உளியைத்தான் மாற்றி மாற்றித் தீட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் லேத்தின் பின்முனையில், அதாவது கட்டையின் மறுநுனியை அழுத்திப் பிடிக்கும் பாகத்தில். கட்டை நழுவாமலிருக்க அதை இறுக்க இறுக்க, நீளமான மரம் வில்லாக வளைகிறது. அரைச் சுற்றுத் தளர்த்தி, இடது உள்ளங்கையை மரத்துக்குப் பின்னால் அணைகொடுத்து, கைப்பிடியைக் கடைசியாகக் கடைந்தேன். 1,310 கிராம்!

1884-ல் பிரவுனிங்கின் மட்டை உடைந்துபோக, மரப் பட்டறைக்காரர் மகன் பட் ஹில்லரிச் வெள்ளை ஆஷ் மரத்தில் புதிது கடைந்து கொடுத்தாராம். பையனுக்கு வயது பதினேழு. கதையில் எவ்வளவு நிஜமோ, லூயிவில் ஸ்லகர் என்ற புகழ்பெற்ற பிராண்ட் மட்டைகள் பிறந்தது அந்தப் பட்டறையில்தான். காது கேளாமலும் அதன் வலியோடும் ஆடிய பிரவுனிங், 1882, 1885, 1890 என மூன்று முறை தன் லீகில் பேட்டிங்கில் முதலிடம் பிடித்தார். வாழ்நாள் பேட்டிங் சராசரி .341. அவருக்கு இன்னும் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடமில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆஷ் வாங்குகிறவர்கள் பலகையின் விளிம்பைப் பாருங்கள். எனக்கு வந்த இரண்டாவது கட்டையில் நார் சாய்ந்து ஓடியது; அடித்தால் பிளந்துவிடும். அமெரிக்காவில் துளைவண்டு ஆஷ் மரங்களை அழித்துவருவதால், நல்ல கட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

எண்ணெய் பூசுவது பாக்கி. அதற்குள் தட்டை மட்டை ஒன்று செய்ய அடுத்த கட்டையை வாங்கிவிட்டேன்: 1885-லிருந்து 1892 வரை ஒரு பக்கம் தட்டையான மட்டையும் அனுமதிக்கப்பட்டது. லேத்தில் கடைந்துவிட்டு இழைப்புளியால் சீவ வேண்டும். பிரவுனிங் தன் மட்டைகளுக்கு பைபிள் பெயர்கள் வைப்பாராம். இந்தத் தட்டை மட்டைக்கு நான் வைக்கப்போவது சிம்சோன்.