ஊரணிப் படியில் ஸ்பிரிங்டெயில்

செட்டிநாட்டுச் செம்மண் கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை நாலு நாள் பெய்து ஓயட்டும், அதே மண்ணில் கால் வைக்கிற இடமெல்லாம் உயிர். அதற்காகவே ஐப்பசியில் காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். மாளிகைகளைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று, காலையிலேயே கானாடுகாத்தான் பக்கத்தில் ஓர் ஊரணிக்குப் போய்விட்டேன்.

படித்துறை பழைய செம்புறாங்கல். குழிகளில் பாசியும் மக்கிய சருகும். ஒரு சருகைப் புரட்டியதும் உப்பைத் தூவியதுபோல நாலாபக்கமும் தெறித்தன ஸ்பிரிங்டெயில் என்ற குட்டி மண்ணுயிர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். வயிற்றுக்கடியில் ஒரு கவையை மடித்துக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கும். ஆபத்தென்றால் கொக்கி விடுபடும், கவை தரையை உதைக்கும், ஆள் அந்தரத்தில். ஆறு கால் இருந்தும் இன்று இதைப் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை. ஒரு காரணம், பூச்சிகளைப்போல் இல்லாமல் இதன் வாயுறுப்புகள் தலைக்குள் அடங்கியிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த இதன் புதைபடிவத்துக்கு வயது சுமார் 40 கோடி ஆண்டுகள்!

ஸ்பிரிங்டெயிலில் எந்த வரிசை என்று அடையாளம் காண முதலில் உடல்வாகு. உருண்டை என்றால் பெரும்பாலும் சிம்பிப்ளியோனா. குண்டு உடம்பு, குட்டைக் கால், மார்பின் முதல் கண்டம் மேலிருந்தே தெரிகிறது என்றால் பொடுரோமார்பா. நீள உடம்பில் அந்தக் கண்டம் மறைந்திருந்தால் என்டமோபிரியோமார்பா. ஒன்று மட்டும் ஓடாமல் நின்றது. பக்கவாட்டில் படமெடுத்துப் பெரிதாக்கினால், வயிற்றின் நாலாம் கண்டம் மூன்றாவதைவிட மிக நீளம். சரி, பெரும்பாலும் என்டமோபிரியிடே குடும்பம். ஃபிளாஷ் பட்ட முதுகில் செதில்கள் வெள்ளியும் ஊதாவுமாக மின்னின.

மேலிருந்து எடுக்கும் படம் அழகுதான். ஆனால் கண், உணர்கொம்பு, கவை மூன்றும் சேர்ந்து கிடைப்பது பக்கவாட்டில். மேக்ரோ லென்ஸில் ராய்நாக்ஸ் 250 என்ற க்ளோஸ்-அப் லென்ஸை மாட்டி, ஃபிளாஷுக்கு முன்னால் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர் வைத்திருந்தேன். இவ்வளவு பெரிதாக்கும்போது ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அசையாமல் நிற்பவற்றை கேமராவை இம்மியளவு நகர்த்தி நகர்த்திப் பல படங்களாக எடுத்து, அப்புறம் கணினியில் அடுக்கிச் சேர்க்க வேண்டும்.

"என்ன தம்பி, எதையும் தொலைச்சிட்டியளா?" என்று வந்தார் ஓர் ஆச்சி. திரையைக் காட்டினேன்.

"இம்புட்டுக்குக் கண்ணெல்லாம் இருக்கே! செடியத் தின்னுருமா?"

"பெரும்பாலும் மக்குன சருகும் பூஞ்சாணமும்தான் ஆச்சி. மண்ணுக்கு நல்லது."

உடனே தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப்போனார். புளியமரப் பட்டை இடுக்கில் ஒரு பொய்த்தேள். இரண்டு இடுக்கி உண்டு, கொடுக்கு வால் கிடையாது. ஈர மண்ணில் தம்பலப்பூச்சி ஊர்ந்தது. ஆச்சிக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். எட்டுக் கால் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தார்.

இனம்வரை போக நுண்ணோக்கியில் மயிர்களின் அமைப்பைப் பார்க்க வேண்டும். படத்தை வைத்து நான் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். போக நினைப்பவர்கள் கார்த்திகைக்குள், வெயில் ஏறுமுன் போங்கள். சிமெண்ட் பூசாத படித்துறையாகத் தேடுங்கள். அதே ஊரணியில் சிமெண்ட் பூசிய பக்கத்தில் குழியுமில்லை, சருகும் தங்கவில்லை, ஒரு ஸ்பிரிங்டெயில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.